ஒரு மில்லிமீட்டர் செய்த வேலை!



எங்க சித்தப்பா பால் ஊத்துறவர். போன மாசம் பத்து நாள் அவர் சைக்கிளில்தான் போனார். அவரோட 100 சி.சி. பைக்கில் பிஸ்டன் தலையில் சுண்டுவிரல் நுழையற அளவுக்கு ஓட்டை! "டேய், நீ பிளஸ் டூ சயின்ஸ் படிக்கிறியே, இது ஏன்டா ஆச்சு?" என்று கேட்டார். பதில் தெரியாமல் முழித்தேன். மெக்கானிக் அண்ணனிடமும் இயற்பியல் சாரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

"சிலிண்டரை லேத்துல ஒரு மில்லி கடைஞ்சு கம்ப்ரஷனை ஏத்திட்டா மைலேஜ் கூடும், இழுவையும் கூடும்" என்று யாரோ சொல்ல, சித்தப்பாவும் அப்படியே செய்துவிட்டார். முதல் வாரம் வண்டி ஜோராக ஓடியது. இரண்டாவது வாரம், பால் கேனோடு மேட்டில் ஏறும்போது 'டிங் டிங்' என்று ஒரு சத்தம். ஆணி டப்பாவைக் குலுக்கின மாதிரி. "புது செட்டிங், போகப் போக சரியாயிடும்" என்று விட்டுவிட்டார். மூன்றாவது வாரம் வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது.

அமுக்க விகிதம் என்றால்?

பிஸ்டன் கீழே இருக்கும்போது அதற்கு மேலே உள்ள மொத்த இடத்தை, பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மிச்சமாகும் இடத்தால் வகுத்தால் வருவதுதான் அமுக்க விகிதம் (கம்ப்ரஷன் ரேஷியோ).

சித்தப்பா பைக்கின் சிலிண்டர் விட்டம் 50 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 49.5 மி.மீ. கணக்குப் போட்டால் 97.2 சி.சி. கம்பெனி கொடுத்த விகிதம் 9. அப்படியானால் மேலே மிச்சமாகும் இடம் 97.2 ÷ 8 = 12.15 சி.சி. அதாவது சுமார் இரண்டரை டீஸ்பூன்!

இப்போது 1 மி.மீ. கடைந்தால்? 50 மி.மீ. வட்டத்தில் 1 மி.மீ. உயரம் என்பது 1.96 சி.சி. மிச்சம் 10.19 சி.சி.தான். புது விகிதம் (97.2 + 10.19) ÷ 10.19 = 10.5! நகத்தின் கனம் குறைந்ததற்கு, 9 என்பது 10.5 ஆகிவிட்டது பாருங்கள்.

ஏற்றினால் லாபம் இல்லையா?

உண்டு. ஆனால் எவ்வளவு? பாடப்புத்தகத்து ஆட்டோ சுழற்சிச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். விகிதம் 9 என்றால் திறன் 58.5 சதவீதம், 10.5 என்றால் 61 சதவீதம். (இது ஏட்டுக் கணக்கு. நிஜ இன்ஜினில் இவ்வளவு வராது.) ஆக, கிடைப்பது இரண்டரை சதவீதம். அதற்காகப் பணயம் வைத்தது ஒரு பிஸ்டனை!

அந்த 'டிங் டிங்' என்ன?

அதுதான் நாக்கிங். பிளக்கில் பொறி வந்ததும் தீ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பரவணும். அடுப்பில் வைத்த காகிதம் ஓரத்திலிருந்து எரிந்து வருமே, அந்த மாதிரி. ஆனால் அமுக்கம் அதிகமானால் வெப்பமும் அதிகமாகும். தீ வந்து சேருவதற்குள் மூலையில் மிச்சமிருக்கும் பெட்ரோல் கலவை தானாகவே ஒரே நொடியில் பற்றிக்கொள்ளும். அந்த அழுத்த அலைகள் சிலிண்டர் சுவரில் மோதுவதைத்தான் நாம் சத்தமாகக் கேட்கிறோம்.

பிஸ்டனை ஒட்டி எப்போதும் சற்றுக் குளிர்ந்த வாயுப் படலம் ஒன்று இருக்கும். நாக்கிங் அலைகள் அந்தப் போர்வையைக் கிழித்துவிடும். அப்புறம் சூடு நேராக அலுமினியத்தில் இறங்கும். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். அதற்கு முன்பே பலம் இழந்துவிடும். ஓட்டைக்குக் காரணம் இதுதான்!

ஆக்டேன் எண்

தானாகப் பற்றாமல் பெட்ரோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைச் சொல்வது ஆக்டேன் எண். ஐசோ-ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0. ஓடும்போதே அமுக்க விகிதத்தை ஏற்றி இறக்கக்கூடிய ஒற்றைச் சிலிண்டர் இன்ஜினில் வைத்துத்தான் இதை அளக்கிறார்கள்.

1921-ல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி, ஈயக் கலவை சேர்த்தால் நாக்கிங் அடங்கும் என்று கண்டுபிடித்தார். ஆனால் ஈயம் விஷம். அவரே 1923-ல் ஈய நச்சால் படுத்துவிட்டார். இந்தியாவில் 2000-ல் ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்டது. உலகில் கடைசியாக 2021-ல் அல்ஜீரியா நிறுத்தியது.

நம்ம ஊர் சாதா பெட்ரோலுக்குப் பல வருஷமாக 91 என்பதுதான் கணக்கு. 20 சதவீதம் எத்தனால் கலந்ததும் அது 95 ஆனது. ஆனால் எத்தனால் தண்ணீரை இழுக்கும். டேங்கில் தண்ணீர் சேர்ந்தால் எத்தனால் பிரிந்து அடியில் தங்கிவிடும், மேலே உள்ள பெட்ரோலின் ஆக்டேன் இறங்கிவிடும். அதனால் 91 என்று வைத்துக் கணக்குப் போடுவதே நல்லது.

அப்படியானால் எவ்வளவு வைக்கலாம்?

* காற்றால் குளிரும் கார்புரேட்டர் வண்டிக்கு 9 முதல் 9.5 வரை. லோடு அடிக்கிற வண்டி என்றால் 9-ஐத் தாண்டாதீர்கள்.
* தண்ணீரால் குளிரும் வண்டிக்கு 11-க்கு மேலும் போகலாம். யமஹா ஆர்15 வண்டிக்கு 11.6. ஆனால் அதற்கேற்ற ஹெட், இன்ஜெக்‌ஷன், பொறி நேரம் எல்லாம் வைத்துச் செய்தது அது. அதைப் பார்த்து நாம் சூடு போட்டுக்கொள்ளக் கூடாது!
* பழைய இரும்புச் சிலிண்டர் புல்லட்டுக்கு 5.5தான். மட்டமான பெட்ரோலிலும் ஓடணும் என்றால் அப்படித்தான் இருக்கணும்.

கடையாமலேயே விகிதம் ஏறும் என்பது தெரியுமா? பிஸ்டன் தலையில் கரி படிந்தால் மேலே இடம் குறையும். மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல் போட்டால் விகிதம் மாறாது, ஆனால் ஆக்டேன் இறங்கும். இரண்டுக்கும் முடிவு ஒன்றுதான்: டிங் டிங்!

சத்தம் கேட்டால்

உடனே ஆக்சிலேட்டரைக் குறைத்து, ஒரு கியர் இறக்குங்கள். பிறகு நல்ல பெட்ரோல் போட்டுப் பாருங்கள். அப்பவும் கேட்டால் மெக்கானிக்கிடம் பொறி நேரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். "போகப் போக சரியாயிடும்" என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். அது சரியாகாது.

சித்தப்பா வண்டிக்குப் புது பிஸ்டன் போட்டாச்சு. சிலிண்டருக்கு அடியில் 1 மி.மீ. கன அலுமினியத் தகடு வைத்துப் பழையபடி 9-க்கே கொண்டுவந்துவிட்டார் மெக்கானிக் அண்ணன். எடுத்த ஒரு மில்லியைத் திரும்ப வைக்க, பத்து நாள் வருமானம் போச்சு. ஓட்டை பிஸ்டன் இப்போது எங்கள் வீட்டு ஜன்னலில் இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் சொன்னால் எடுத்து வருகிறேன்.

உங்களுக்கு ஒரு கணக்கு: 150 சி.சி. இன்ஜினில் விகிதம் 11 வேண்டும். பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மேலே எத்தனை சி.சி. மிச்சம் இருக்கணும்? (விடையை இந்தத் தாளின் கீழ் ஓரத்தில் தலைகீழாக எழுதியிருக்கிறேன். முதலில் போட்டுப் பாருங்கள்!)

— பன்னிரண்டாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவன்

விடை: 15 சி.சி.