சாண்டா மோனிகாவில் ஒரு முதுமை

1904-இல் இங்கிலாந்தில் பிறந்த எழுத்தாளர் கிறிஸ்டோபர் இஷர்வுட், 1986 ஜனவரியில் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் காலமானார். ‘காபரே’ படத்துக்கு மூலமான பெர்லின் கதைகள் அவருடையவை. தன்பாலீர்ப்பாளரான அவர் விடுதலை தேடி அமெரிக்கா போனார் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சட்ட வரலாறு இதற்கு இடம் தரவில்லை. ஆண்களிடையேயான உறவு இங்கிலாந்தில் பெரும்பாலும் குற்றமல்ல என்று 1967-இல் சட்டம் வந்தது, கலிபோர்னியாவில் 1976-இல்தான். இடைப்பட்ட காலத்தில் தாய்நாடே அவருக்குப் பாதுகாப்பான இடம். அவர் திரும்பவில்லை.

காரணம் சட்டத்தில் இல்லை, குடும்பத்தில் இருக்கிறது என்பது என் கணிப்பு. தந்தை முதல் உலகப் போரில் மாண்ட ராணுவ அதிகாரி. குடும்பம் நிலவுடைமைக் குடும்பம். இங்கிலாந்தில் அவர் எத்தனை வயதானாலும் மூத்த மகன்தான், எப்போது கல்யாணம் என்று கேட்கப்படுபவர்தான். கலிபோர்னியாவில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை. 1953-இல், 48 வயதில், டான் பக்கார்டி என்ற 18 வயது இளைஞரைச் சந்தித்தார். நண்பர்களே முகம் சுளித்த அந்த உறவு இறுதிவரை நீடித்தது. பக்கார்டி பெயர்பெற்ற ஓவியரானார். ஹாலிவுட்டில் வேதாந்த மையம் நடத்திய சுவாமி பிரபவானந்தருடன் சேர்ந்து கீதையை மொழிபெயர்த்த இஷர்வுட், அவரிடமும் தன் இயல்பை ஒளிக்கவில்லை. துணையை இழந்த நடுவயது ஆங்கிலேயப் பேராசிரியரின் ஒரு நாளைச் சொல்லும் ‘எ சிங்கிள் மேன்’ 1964-இல் வந்தது. பெர்லின் கதைகளில் மூடி வைத்ததை 1976-இல், எழுபதைத் தாண்டிய பிறகு, ‘கிறிஸ்டோபர் அண்ட் ஹிஸ் கைண்ட்’ நூலில் வெளிப்படையாக எழுதினார்.

போருக்குப் பயந்து ஓடியவர் என்ற பழி அவர்மேல் உண்டு. 1940-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலேயே அது எழுந்தது. ஆனால் அவர் நியூயார்க்கில் இறங்கியது 1939 ஜனவரியில், போர் தொடங்குவதற்கு முன். பின்பு பென்சில்வேனியாவில் குவேக்கர் கிறிஸ்தவர்களோடு சேர்ந்து ஐரோப்பிய அகதிகளுக்காக வேலை செய்தார். இதைவிடக் கனமான ஆட்சேபம் வேறொன்று: பணமும் நல்ல கடவுச்சீட்டும் உள்ளவனுக்குத்தானே குடும்பத்திலிருந்து இந்தத் தூரம் கிடைக்கும்? உண்மைதான். அவருடைய ஜெர்மானியக் காதலர் ஹைன்ஸை 1934-இல் இங்கிலாந்து எல்லையிலேயே திருப்பி அனுப்பினார்கள். இருவரும் நாடு நாடாக அலைந்தும் பயனில்லை. 1937-இல் ஹைன்ஸ் நாஜிகளிடம் சிக்கிச் சிறைசென்றார். இஷர்வுட் இதை மழுப்பவில்லை. 1976 நூலின் கணிசமான பகுதி ஹைன்ஸுக்கு ஒரு நாடு தேடி அலைந்த கதைதான்.