நூறு டாக்டர்கள், எண்பது சீட்டுகள்

தாராவியில் வாழும் நம்மவர் வீடுகளில் ஒருவருக்கு இருமல் நீடித்தால், முதலில் நாடுவது தெருமுனை டாக்டரைத்தான். சயான் ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருந்தும், அங்கே வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போய்விடும். தெருமுனை டாக்டரோ வேலை முடிந்து திரும்பும் இரவு வேளையிலும் இருப்பார், ஊசி போடுவார், சீட்டு எழுதித் தருவார். அந்தச் சீட்டில் என்ன எழுதப்படுகிறது?

அக்காலத்தில் பம்பாய் எனப்பட்ட இந்நகரில், தாராவியின் தனியார் டாக்டர்கள் காசநோய்க்கு எழுதும் மருந்துகளை டாக்டர் முகுந்த் உப்லேகர் ஆராய்ந்தார். முடிவு 1991-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நூறு டாக்டர்கள் எண்பது விதமான சிகிச்சைகளை எழுதியிருந்தார்கள்! பெரும்பாலானவை பொருத்தமற்றவை; செலவு மிகுந்தவையுங்கூட. டாக்டர் ஜரீர் உத்வாடியா முதலியோர் உப்லேகருடன் சேர்ந்து அதே பகுதியில் மீண்டும் ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட கணக்கு இது: டாக்டர்கள் 106 பேர், சிகிச்சை முறைகள் 63, சரியாக எழுதியவர்கள் ஆறே பேர். மருந்தைக் கூட்டியும் காலத்தை நீட்டியும் எழுதும் போக்கே மிகுதியாகத் தென்பட்டது.

இத்தனைக்கும் சரியான முறை ஒன்றும் சிதம்பர ரகசியம் அன்று. மருந்துக்கு அடங்கும் சாதாரண நுரையீரல் காசநோய்க்கு முதல் இரண்டு மாதம் ஐசோனியசிட், ரிபாம்பிசின், பைரசினமைட், எத்தாம்பியூட்டால் என நான்கு மருந்துகள். பின் நான்கு மாதம் பைரசினமைட் நீங்கலாக மற்ற மூன்று. அளவு நோயாளியின் எடையைப் பொறுத்தது.

பழி முழுவதையும் டாக்டர்கள் தலையில் சுமத்துவதும் நியாயமன்று. ஊசி போடாதவரை டாக்டராகவே மதியாத வழக்கம் நம்மிடம் உண்டல்லவா? சீட்டில் டானிக் ஒன்று இருந்தால்தான் நமக்கும் திருப்தி. ஆனால் அந்தக் கூடுதல் செலவுதான் குடும்பத்தைக் கவிழ்க்கிறது. இரண்டாம் மூன்றாம் மாதத்தில் இருமல் நின்றுவிடும். கையில் பணமும் தீர்ந்திருக்கும். மருந்தை நிறுத்திவிடுவார்கள். எஞ்சிய கிருமிகள் அந்த மருந்துகளுக்கு அடங்காதவையாகி மீண்டும் கிளம்பும். பிறகு செய்யும் சிகிச்சை முன்னதைவிடக் கடினமானது. அதே கிருமி, காற்றோட்டமில்லாத ஓரறை வீட்டில் உடன் உறங்கும் குழந்தைக்கும் தொற்றலாம்.

ஏழை வீட்டிலேயே இந்நோயைக் குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டியது நம் சென்னைதான். அங்கே 1956-இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம், நெருக்கடியான வீடுகளில் இருந்தபடியே மருந்துண்டவர்கள் சானடோரியத்தில் படுத்தவர்களுக்கு ஏறக்குறைய இணையாகக் குணமடைந்ததை 1959-இல் நிரூபித்தது. மருந்தைத் தவறாமல் உண்பதே முக்கியம். பாலும் பழமும் படுக்கையும் அதற்கு அடுத்தவையே.

அம்மருந்துகளை அரசு இன்று இலவசமாகவே தருகிறது. சளிப் பரிசோதனைக்கும் கட்டணமில்லை. தனியார் டாக்டர்களும் காசநோயாளிகளைப் பற்றி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012 முதல் விதி. அவ்வாறு பதிவானவர்களுக்குச் சிகிச்சைக் காலத்தில் உணவுக்காக மாதம் 500 ரூபாய் தரும் திட்டம் 2018-இல் வந்தது; 2024 நவம்பரில் தொகை 1000 ரூபாயாயிற்று. ஆகவே தெருமுனை டாக்டரிடமே சிகிச்சை பெறுவோரும், "என் பெயரைப் பதிவு செய்துவிட்டீர்களா, ஐயா?" என்று சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடலாம். மாநகராட்சி மருந்தகத்துக்குப் போவோர் பழைய சீட்டுகளையும் எக்ஸ்ரே படத்தையும் மறவாமல் கொண்டுசெல்லவேண்டும். முன்பு என்ன மருந்து, எத்தனை நாள் உண்டார் என்பதே அங்கே கேட்கப்படும் முதற்கேள்விகளுள் ஒன்று.