தெருவின் கணக்கு – 9: தியாகராய நகரின் உள் தெருக்கள்

சென்ற வாரம் ஜார்ஜ் டவுனைப் பார்த்தோம். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், கீழே கடை, மேலே குடித்தனம் என்று தானாக வளர்ந்த ஊர் அது. தியாகராய நகரைக் குடியிருப்பதற்கென்றே திட்டம் போட்டுக் கட்டினார்கள். 1920-ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டத்தின் கீழ், 1923 வாக்கில் ‘லாங் டேங்க்’ எனப்பட்ட நெடிய ஏரியின் ஒரு பகுதியை வடித்து, மனை பிரித்து, நடுவில் பனகல் பூங்காவை வைத்துச் சாலைகளை விரித்தார்கள். ஊருக்கு நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயர். உஸ்மான், நடேசன், சௌந்தரபாண்டியன் என்று அக்கட்சிப் பிரமுகர்களின் பெயர்கள் சாலைக்கும் பூங்காவுக்கும் அங்காடிக்கும் போயின.

பல மனைகள் நாலைந்து கிரவுண்டு. நடுவில் வீடு, முன்னால் தோட்டம், பின்னால் கிணறும் துவைக்கிற கல்லும், காம்பவுண்டு ஓரமாகத் தென்னை, மாமரம். அந்தக் காலத்து வீடுகளில் திருமலைப் பிள்ளை சாலையில் காமராஜர் வாழ்ந்ததும், ஆற்காடு தெருவில் எம்.ஜி.ஆர். வைத்திருந்ததும் நினைவு இல்லங்களானதால் தப்பின. தலைவர்கள் குடியிருக்காத வீடுகளைக் காப்பாற்ற அப்படி ஒரு வழி இல்லை.

மாற்றம் எப்படி நடக்கிறது என்பதில் இரண்டு விஷயங்களைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, எவ்வளவு கட்டலாம் என்பது. மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப் பரப்பு எழுப்பலாம் என்று சொல்லும் எண்தான் எஃப்.எஸ்.ஐ. சாதாரணக் கட்டடங்களுக்கு 1.5 ஆக இருந்ததை, 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் 2 ஆக்கின. நாலு கிரவுண்டு, அதாவது 9,600 சதுர அடி மனையில் 14,400 சதுர அடி கட்ட முடிந்த இடத்தில் இப்போது 19,200 கட்டலாம். பிரீமியம் எஃப்.எஸ்.ஐ-க்குப் பணம் கட்டினால், சாலை அகலத்தைப் பொறுத்து இன்னும் கூடும். அமெரிக்காவிலும் பெங்களூரிலும் இருக்கும் பிள்ளைகள், மாடிப்படி ஏற முடியாத பெற்றோர், வாசலில் பில்டர்: அவரோடு கூட்டாகக் கட்டும் ஜே.வி. பத்திரத்தில் கையெழுத்து விழ வேறென்ன வேண்டும்? அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு வீடு நின்ற இடத்தில் எட்டுக் குடும்பங்கள் வாழ்வது நகரத்துக்கு நல்லதும்கூட.

இரண்டாவது, என்னவாகப் பயன்படுத்தலாம் என்பது. என் கவலையெல்லாம் இதில்தான். குடியிருப்பு மனை வணிக மனையாகும்போது தெருவிலிருந்து ஆட்கள் போய்விடுகிறார்கள். ரங்கநாதன் தெருவுக்கும் உஸ்மான் சாலைக்கும் பின்னால் உள்ள தெருக்களில் நடந்தால் இது கண்ணில் படும். போர்டிகோவுக்கு இரும்பு ஷட்டர் போட்டிருக்கும். ஜன்னல்களை உள்ளிருந்து பிளைவுட் வைத்து அடைத்திருப்பார்கள். கூடத்தில் சேலை பண்டல்கள் உத்தரம் வரை ஏறியிருக்கும். காலையில் கோலம் கிடையாது. டெம்போ வந்து பின்பக்கமாகத் திரும்பி நிற்கும். பக்கத்து வீட்டில் இன்னும் குடியிருக்கும் பெரியவர் ஆட்டோ பிடிக்கக்கூட முனை வரை நடந்தாக வேண்டும்.

இதில் பாதி, விதியை மீறி நடந்து பிறகு விதிக்குள் கொண்டுவரப்பட்டது. நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 1998-இல் 113-ஏ பிரிவைச் சேர்த்து, கட்டணம் கட்டினால் மீறலை வரன்முறைப்படுத்தலாம் என்றார்கள். ஒரு முறை மட்டும் என்ற அளவில் 2000-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. பிறகு நீட்டிப்பு மேல் நீட்டிப்பு. 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. 2012-இல் 113-சி வந்தது, 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்காக. விதிப்படி பக்கவாட்டில் இடம் விட்டுக் கட்டியவர் ஏமாளியானார்.

விட்ட இடம் வெறும் அழகுக்கு அல்ல. 2021 நவம்பர் மழையில் ஜி.என். செட்டி சாலையும் அதைச் சுற்றிய தெருக்களும் மூழ்கியபோது மாம்பலம் கால்வாயைப் பற்றி நிறையப் பேசினோம். ஏரிப் படுகைமேல் இருக்கிற ஊரில், காம்பவுண்டுக்குள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மண்ணையெல்லாம் சிமென்ட் போட்டு மூடியதைப் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை.

உஸ்மான் சாலையை இனி யாரும் குடியிருப்பாக்க முடியாது, தேவையுமில்லை. கடைகள் பெரிய சாலைகளோடு நிற்கட்டும். உள் தெருக்களில் மாடி உயரட்டும், ஆனால் வீடுகளாக. பக்கவாட்டு இடமும் மரமும் மண்ணும் கட்டாயமாக இருக்கட்டும். தனிக் கட்டடத்தைப் பாரம்பரியச் சின்னம் என்று பட்டியலிடத் தெரிந்த நமக்கு, ஒரு தெருவை அப்படிப் பட்டியலிட ஏன் கை வரவில்லை?

அதுவரை, நாளிதழின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வரும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) நில உபயோக மாற்ற அறிவிப்பைத் தவறவிடாதீர்கள். டி.எஸ். எண், பிளாக் எண், இன்ன உபயோகத்திலிருந்து இன்ன உபயோகத்துக்கு என்று இருக்கும். ஆட்சேபணை சொல்ல 21 நாள். கடிதத்தில் ஆதங்கத்தை எழுதுவதைவிட, தெருவின் அகலத்தை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். வண்டி நிறுத்த இடம் எவ்வளவு, தீயணைப்பு வண்டி திரும்புமா, மழைநீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று எழுதுங்கள். தெருவில் இருபது வீட்டுக்காரர்கள் சேர்ந்து கையெழுத்திட்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள். பின்னால் நீதிமன்றம் போக நேர்ந்தால் அந்த முத்திரை உதவும்.

(அடுத்த வாரம்: மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்பது மீட்டர் உயரக் கட்டுப்பாடு)