தகரக் கூரையும் ஃபோம் பலகையும்

தஞ்சோங் ரம்புத்தான் வட்டாரத்துப் பலகை வீடுகளில் மதியம் இரண்டு மணிக்குச் சிலிங்கைத் தொட்டால் கை சுடும். வெளியே 33, 34 டிகிரி இருக்கும்போதே, வெயிலில் காயும் பழைய தகரம் 60 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் பெரும்பகுதி கதிராக நேரே கீழே இறங்குகிறது. மின்விசிறியை எவ்வளவு வேகமாகச் சுழலவிட்டாலும் புழுக்கம் தீராததற்கு இதுவே காரணம். பகல் முழுவதும் வீட்டிலேயே இருக்கும் முதியவர்களையும் கைக்குழந்தைகளையும்தான் இது அதிகம் வாட்டுகிறது.

இந்தச் சூட்டைத் தடுக்க ஃபோம் பலகை உதவும், ஆனால் அதை எங்கே பதிப்பது என்பதுதான் முக்கியம். கனடா போன்ற குளிர்நாடுகளில் வீட்டுச் சுவர்களில் அதைப் பதிப்பார்கள். ஹீட்டரின் சூடு வெளியேறாமல் இருக்க அது உதவும். நமக்கு வேலை கூரையில் இருக்கிறது. பலகைச் சுவரையும் ஃபோமால் அடைத்துவிட்டால், ஜன்னல் வழியே பகலில் புகுந்த சூடு இரவில் எளிதில் வெளியேறாது. சுவருக்கு நிழல் போதும். மேற்குப் பக்கம் கூரையைச் சற்று நீட்டினாலே வித்தியாசம் தெரியும்.

கூரையில் முதலில் வேண்டியது இடைவெளி. தகரத்துக்கும் ஃபோம் பலகைக்கும் நடுவே குறைந்தது 25 மில்லிமீட்டர் காற்று ஓட வேண்டும். கூரை ஓரத்தில் நுழையும் காற்று உச்சியில் வெளியேற வழி விட வேண்டும். இரவில் தகரம் குளிர்ந்து அதன் அடியில் நீர் கோத்துச் சொட்டும். அது உலரவும் இந்த இடைவெளிதான் உதவும். ஃபோம் பலகையின் மேல் ஒட்டிய அலுமினியத் தாளின் பளபளப்பான முகம் காற்றிடைவெளியைப் பார்த்திருக்கட்டும். தன்மேல் விழும் வெப்பக் கதிரில் 90 விழுக்காட்டுக்கு மேல் அது திருப்பி அனுப்பும். தகரத்தோடு ஒட்டிவிட்டால் அந்தப் பயன் போச்சு. மேல்நோக்கிய முகத்தில் தூசி படிந்தாலும் குறையும். பலகைகள் சேரும் இடங்களில் விரல் நுழையும் சந்துகூட இல்லாமல் அலுமினிய டேப் ஒட்ட வேண்டும்.

2012இல் மலேசியக் கட்டட உபவிதிகளில் சேர்ந்த 38ஏ விதி, எடை குறைந்த கூரைக்கு வெப்பக் கடத்தல் அளவு (U-value) 0.4 W/m²Kஐத் தாண்டக்கூடாது என்கிறது. அதை எட்ட பாலியூரித்தேன் பலகை ஏறக்குறைய 50 மில்லிமீட்டரும், மலிவான வெள்ளைப் பாலிஸ்டைரின் 80 மில்லிமீட்டரும் தடிப்பாக இருக்க வேண்டும்.

பணம் பற்றாவிட்டால் தடிப்பைக் குறைத்துக்கொள்ளலாம். தீப் பாதுகாப்பைக் குறைக்கவே கூடாது. ஃபோம் பற்றினால் சில நிமிடங்களில் நச்சுப் புகை அறையை நிறைத்துவிடும். ஆகவே அதன் கீழ்முகம் முழுவதையும் ஜிப்சம் போர்டால் மூடுங்கள். பழைய ஒயர்களை ஃபோமுக்குள் புதைத்தால் அவை சூடேறும். மூடுவதற்கு முன் எலக்ட்ரீஷியனை வைத்து மாற்றிவிடுங்கள்.