பழைய கைப்பேசியை அவசரப்பட்டு அழிக்காதீர்கள்

கேமரன் மலையில் 'போ' தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்கப்பட்டது. அப்படிப்பட்ட தோட்டங்களில் கொழுந்து கிள்ளிய பாட்டியின் ஒரே படம் இன்று பேரனின் கைப்பேசியில் இருக்கலாம். புதுக் கைப்பேசிக்கு மாறும்போது அது தொலைந்தால் திரும்பக் கிடைக்காது.

பெட்டியில் 64 ஜிபி என்று இருந்தாலும் முழு இடமும் நமக்கில்லை. இயங்குதளமும் உடன் வரும் செயலிகளும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். எனவே, மாற்றுவதற்கு முன்பே பழையதைச் சுத்தம் செய்யுங்கள். வாட்ஸ்அப் அமைப்புகளில் சேமிப்பிடப் பகுதியைத் திறந்தால், பெரிய காணொளிகளும் பலமுறை பகிரப்பட்டவையும் தனித்தனியே தெரியும். வேண்டாதவற்றை அங்கேயே நீக்கலாம்.

இணையத்தில் சேமித்தால் போதும் என்பாரும் உண்டு. அங்கும் வரம்பு இருக்கிறது. கூகுள் கணக்கில் இலவசம் 15 ஜிபி. ஆப்பிளின் ஐகிளவுடில் 5 ஜிபி. 2021 ஜூன் 1 முதல் கூகுள் போட்டோஸில் ஏற்றும் படங்களும் அந்த 15 ஜிபியில்தான் சேரும். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் காப்புப் பிரதியும் அப்படியே. இடம் நிறைந்தால் புதிய படங்கள் சேமிக்கப்படாமல் நின்றுவிடும்.

மலைப்பகுதியில் இணையம் மெதுவாக இருந்தால், இரண்டு கைப்பேசிகளையும் கேபிளால் இணைத்து நேரடியாக மாற்றலாம். படங்களை ஏற்றி முடிக்க இணையத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

மாற்றியதும் பழைய படங்கள் சிலவற்றைப் புதியதில் திறந்து பாருங்கள். முக்கியமானவற்றைக் கணினியிலோ பென்டிரைவிலோ இன்னொரு பிரதி எடுங்கள். அதன்பிறகே பழைய கைப்பேசியை அழிக்கலாம், விற்கலாம். இடம் மிச்சமாக வேண்டும்தான். அதற்காகப் பாட்டியின் படத்தை இழக்க வேண்டாம்.