61 இருக்க வேண்டிய இடத்தில் 62: ஒரு கெர்னல் பரிசோதனையின் கதை

2023 டிசம்பர் முதல் வாரம் சென்னைக்காரர்கள் யாருக்கும் மறக்காது. மிக்ஜாம் புயல். தேனாம்பேட்டையில் எங்கள் தெருவிலும் கரண்ட் போய்விட்டது. வீட்டு மூலையில் டெபியன் லினக்ஸ் ஓடும் என் பழைய கம்ப்யூட்டர் சில நாள் அணைந்தே கிடந்தது. அப்பாவின் பென்ஷன் காகிதங்கள், பதினைந்து வருடக் குடும்பப் போட்டோக்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

எல்லாம் சரியாகி, 9ஆம் தேதி சனிக்கிழமை அப்டேட் போடலாம் என்று உட்கார்ந்தேன். அன்று வரவேண்டிய டெபியன் 12.3 நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று அறிவிப்பு. அதில் இருந்த 6.1.64 கெர்னல், எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் தகவலைக் கெடுக்கக்கூடும், யாரும் அப்டேட் செய்ய வேண்டாம் என்றார்கள். கை அப்படியே நின்றுவிட்டது.

இத்தனை பேர் சோதித்த கெர்னலில் இது எப்படி நுழைந்தது? அன்றிலிருந்து துருவிப் பார்த்ததன் குறிப்புதான் இது.

முதலில் கெர்னல் எப்படி வெளியாகிறது என்று பார்த்துவிடலாம். லினஸ் டோர்வால்ட்ஸ் இரண்டு வாரம் புது மாற்றங்களைச் சேர்த்துக்கொள்வார். பிறகு கதவை மூடிவிட்டு ஆர்சி1 என்ற பரிசோதனைப் பதிப்பை விடுவார். அதன்பின் பிழைத் திருத்தம் மட்டும்தான். ஞாயிறுதோறும் ஒரு ஆர்சி. ஏழோ எட்டோ வந்தபின் இறுதிப் பதிப்பு. மொத்தம் ஒன்பது, பத்து வாரம். ஒவ்வொரு பதிப்பிலும் பத்தாயிரத்துக்கும் மேல் மாற்றங்கள் சேர்கின்றன.

ஆனால் நம் வீட்டு மெஷினில் ஓடுவது பெரும்பாலும் அந்தப் புத்தம்புது கெர்னல் இல்லை. 5.15, 6.1 மாதிரி நீண்டகாலக் கிளைகள்தான். புது கெர்னலில் செய்த திருத்தங்களைக் கிரெக் குரோவா-ஹார்ட்மன் குழு இந்தப் பழைய கிளைகளுக்குக் கொண்டுவரும். இதற்கும் ஆர்சி உண்டு. ஆனால் சோதிக்கக் கிடைக்கும் நேரம் சுமார் 48 மணி நேரம்தான். 2023 நவம்பர் இறுதியில் வந்த 5.15.140-ஆர்சி1இல் மட்டும் 297 பேட்ச்கள். ஒரு மனிதர் உட்கார்ந்து படித்து முடிக்கிற காரியமா? அதனால்தான் லினாரோ, கெர்னல்சிஐ போன்றவை பல வகைக் கணினிகளில் தானாகவே சோதனைகளை ஓட்டுகின்றன.

அந்த 5.15 ஆர்சியில்தான் ஒரு சோதனை தோற்றது. லினக்ஸ் டெஸ்ட் ப்ராஜெக்ட் தொகுப்பில் உள்ள ரொம்பச் சின்ன சோதனை அது. ஒரு கோப்பில் முதலில் ஒரு கட்டம் முழுக்க 'ஏ' எழுதும், அடுத்த கட்டம் முழுக்க 'பி' எழுதும். பிறகு திரும்பப் படித்து, எழுதியது எழுதிய இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கும். 'ஏ'யின் பதினாறடிமான எண் 61, 'பி'யினுடையது 62. தொடக்கத்தில் 61 இருக்க வேண்டும், இருந்தது 62.

மளிகைக்கடை நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்குப்பிள்ளை ஒரு வரி எழுதியதும் விரலை அடுத்த வரிக்கு நகர்த்த வேண்டும். நகர்த்த மறந்தால் இரண்டாவது கணக்கு முதல் கணக்கின் மேலேயே விழும். நோட்டு கிழியாது, பேனா நிற்காது. முதல் கணக்கு மட்டும் காணாமல் போயிருக்கும்.

நடந்தது அதேதான். இடைநிலை நினைவகத்தில் வைக்காமல் நேராக டிஸ்க்கில் எழுதும் முறை ஒன்று உண்டு. டேட்டாபேஸ் போன்றவை பயன்படுத்துவது. அந்த முறையில் எழுதும்போது கோப்பு அளவு சரியாகப் பதிவாவதற்காக எக்ஸ்ட்4இல் ஒரு திருத்தம் வந்தது. புது கெர்னலில் அது சரியான திருத்தம். ஏனென்றால் அங்கே 'விரலை' நகர்த்தும் வேலையை இன்னொரு பகுதி ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருந்தது. பழைய கிளைகளுக்கு இந்தத் திருத்தம் மட்டும் வந்தது, துணையாக இருந்த அந்த இன்னொரு மாற்றம் வரவில்லை. ஆக, விரலை நகர்த்த ஆளே இல்லை.

இனிமேல்தான் எனக்கு உறுத்திய விஷயம். சோதனை தோற்றது ஆர்சியில்; மணி சரியாகவே அடித்தது. ஆனால் அந்த மணியின் பொருள் விளங்குவதற்குள், நவம்பர் 28இல், அதே பேட்ச்சுடன் 6.1.64 வெளியாகிவிட்டது. எக்ஸ்ட்4 நிபுணர் யான் காரா, காரணத்தைக் கண்டுபிடித்து இது தகவலையே கெடுக்கும் பிழை என்று எழுதியது டிசம்பர் 5. திருத்திய 6.1.66 வந்தது 8ஆம் தேதி. டெபியன் 12.3ஐக் கைவிட்டு, 10ஆம் தேதி 12.4ஐ நேரடியாக வெளியிட்டது.

டெபியனின் நிழல் பெரிது. சென்னையில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதன் மேல் கட்டியதுதான். மேலே ஒரு விரல் நகராவிட்டால் கீழே எத்தனையோ நோட்டுகள் கெடக்கூடும்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். சோதனை ஓட்டுவது பாதி வேலை. தோற்ற சோதனையை 'ஏதோ சில்லறைக் கோளாறு' என்று ஒதுக்காமல், ஏன் தோற்றது என்று தெரியும்வரை நிற்பது மீதிப் பாதி. முதல் பாதியை மெஷின் செய்துவிடும். மறுபாதிக்கு மனுஷன் வேண்டும்.

நாமும் செய்யலாம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய வைஃபை டாங்கிளும் பத்து வருட லேப்டாப்பும் எந்தச் சோதனைக் கூடத்திலும் இருக்காது. நம் மேஜை மேல்தான் இருக்கும். நான் பின்பற்றுவது இவ்வளவுதான்:

- முக்கியத் தகவல் இல்லாத மெஷினில் மட்டும் ஆர்சி போடுவேன். பேக்கப் இல்லாமல் தொடவே மாட்டேன்.
- பழைய கெர்னலை அழிக்க மாட்டேன். புதியது மக்கர் பண்ணினால் கிரப் மெனுவில் பழையதைத் தேர்ந்தெடுத்துவிடலாம்.
- பூட் ஆனதும் திருப்திப்பட்டுவிடக் கூடாது. தூங்கவைத்து எழுப்புவது, வைஃபை, சவுண்ட், பெரிய கோப்பைப் பிரதியெடுத்து ஒப்பிடுவது என எல்லாம் பார்க்க வேண்டும்.
- பிழை வந்தால் எந்தப் பதிப்புவரை சரியாக இருந்தது என்று குறித்துக்கொள்வேன். கிட் பைசெக்ட் மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும். பத்தாயிரம் மாற்றங்களில் குற்றவாளியைப் பிடிக்கச் சுமார் 14 முறை சோதித்தால் போதும்.

பென்ஷன் காகிதங்கள் இப்போது இரண்டு இடத்தில் இருக்கின்றன. அன்று என்னைக் காப்பாற்றியது என் சாமர்த்தியம் இல்லை, சரியான நேரத்தில் கண்ணில் பட்ட ஒரு அறிவிப்பு. அடுத்த முறையும் அப்படியே நடக்கும் என்று என்ன நிச்சயம்?