முளையிலே அறிய வேண்டிய பயிர்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் முன்னோர் வாக்கு. எனினும், முளையைக் குனிந்து பார்க்கும் உழவனுக்கே அது தெரியும். ஆய்வுலகிற்கும் இவ்வுண்மை பொருந்தும். முனைவர் பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆன ஆய்வாளர்களுள் நாளை பெரும்பணி ஆற்றவல்லார் யாவர் எனத் தேர்ந்து, அவர்க்கு விருதும் நல்கையும் பொறுப்பும் அளிக்கும் வழக்கம் இன்று பல நாடுகளில் உள்ளது. சுற்றுச்சூழல் அறிவியலுக்கும் பொறியியலுக்கும் இவ்வழக்கம் ஏன் இன்றியமையாதது, இளம் ஆய்வாளரிடம் எப்பண்புகளைக் கண்டு போற்ற வேண்டும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காலம் கடந்து விடை தரும் துறை

கணிதத்தில் ஒரு தேற்றத்தை மெய்ப்பித்தால், அதன் சரி பிழைகளை அறிஞர்கள் தாளிலேயே சோதித்துவிடலாம். சுற்றுச்சூழல் ஆய்வின் நிலை வேறு. காற்றில் கலந்த நஞ்சும் நிலத்தடி நீரில் இறங்கிய உப்பும் தம் விளைவை முழுமையாகக் காட்டப் பல்லாண்டுகள் ஆகும். ஆய்வாளர் இன்று எச்சரிப்பதை இயற்கை இருபது ஆண்டுகள் கழித்தே உறுதிப்படுத்தக்கூடும். அதுவரை காத்திருந்து பாராட்டுவோமாயின், ஆய்வாளர் முதுமை எய்தியிருப்பார். தடுத்திருக்கக்கூடிய கேடும் நிகழ்ந்து முடிந்திருக்கும். ஆகவே, முடிவு தெரியும் முன்னரே ஆளை அறிந்து துணைநிற்க வேண்டிய கடமை இத்துறைக்கு மிகுதியாக உண்டு. இதற்குச் சிறந்த சான்று ஓசோன் படல ஆய்வின் வரலாறு.

ஓசோன் கூறும் பாடம்

குளிர்சாதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் ஒருகாலத்தில் குளோரோபுளோரோகார்பன் என்னும் வேதிப்பொருள்கள் பெருமளவில் பயன்பட்டன. அவை எரியா, எளிதில் சிதையா, மனிதர்க்கு நேரடியாக நஞ்சும் ஆகா. எனவே, அவற்றைத் தீங்கற்றவை என்றே உலகம் கருதியது. 1973-ஆம் ஆண்டு மெக்சிகோவைச் சேர்ந்த மரியோ மொலினா என்னும் இளைஞர், கலிபோர்னியாவின் இர்வைன் பல்கலைக்கழகத்தில் ஷெர்வுட் ரோலண்டு என்னும் பேராசிரியரிடம் ஆய்வாளராகச் சேர்ந்தார். பேராசிரியர் பல ஆய்வுப் பொருள்களைப் பட்டியலிட்டுக் காட்ட, மொலினா இவ்வேதிப்பொருள்கள் காற்றில் கலந்தபின் என்ன ஆகின்றன என்னும் வினாவைத் தேர்ந்தெடுத்தார்.

விடை அச்சமூட்டுவதாக இருந்தது. கீழ்க்காற்றில் சிதையாத அப்பொருள்கள் மெல்ல மெல்ல மேலேறி அடுக்கு வளிமண்டலத்தை அடைகின்றன. அங்குள்ள புற ஊதாக் கதிர்கள் அவற்றைப் பிளக்க, குளோரின் அணு விடுபடுகிறது. அவ்வணு ஓசோனைச் சிதைத்தபின் தான் அழியாமல் மீண்டும் மீண்டும் வேறு ஓசோன் மூலக்கூறுகளைத் தாக்குகிறது. 1974 ஜூன் மாதம் 'நேச்சர்' இதழில் இவ்வாய்வுக் கட்டுரை வெளிவந்தது. அப்பொழுது மொலினாவுக்கு அகவை 31. கட்டுரையின் ஆசிரியர் பெயர்களுள் மொலினாவின் பெயரே முதலில் நின்றது; பேராசிரியரின் பெயர் அதற்கு அடுத்தே அமைந்தது. மொலினாவுக்குப் பின்னாளில் கிடைத்த விருதுகள் பல. எனினும், ஆய்வுலகம் அவருக்கு அளித்த முதல் ஏற்பு அந்தப் பெயர் வரிசையே எனலாம்.

அடுத்த ஆண்டே நம் தமிழகத்தோடு தொடர்புடைய ஓர் இளைஞர் இதன் மற்றொரு முகத்தைக் கண்டறிந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற வீ. இராமநாதன், தொடக்கத்தில் குளிர்சாதனப் பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றியவர். குளிரூட்டும் வளிமம் கசிவதன் காரணத்தை ஆராய்வதே அங்கு அவருடைய வேலை. பின்னர் அமெரிக்கா சென்று முனைவர் பட்டம் பெற்றார். 1975-ஆம் ஆண்டு, நாசா ஆய்வு மையம் ஒன்றில் பணிபுரிந்தபோது, குளோரோபுளோரோகார்பன் மூலக்கூறு ஒன்று, வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் கரியமில வாயு மூலக்கூறுகள் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டவற்றுக்கு நிகரானது எனக் கண்டு 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார். அப்பொழுது அவருக்கு அகவை முப்பதே.

விருதும் பொறுப்பும்

1985-ஆம் ஆண்டு மே மாதம், அண்டார்க்டிகாவின் மேலே வசந்த காலத்தில் ஓசோன் பெரிதும் குறைந்துபோவதைப் பிரித்தானிய அறிஞர் மூவர் அறிவித்தனர். ஹாலி ஆய்வு நிலையத்தில் பல்லாண்டுகளாக இடைவிடாது எடுக்கப்பட்ட அளவீடுகளே அவர்தம் சான்று. அம்மூவருள் இளையவரான ஜோனதன் ஷாங்க்லின் 1977-இல் பணியில் சேர்ந்து அவ்வளவீடுகளைக் கணக்கிட்டு ஒழுங்குபடுத்தி வந்தவர்.

குறைவு தெரிந்தது, காரணம் தெளிவாகவில்லை. அமெரிக்காவின் சூசன் சாலமன் என்னும் வேதியியலாளர், துருவப் பகுதியின் உயர்மேகங்களில் உள்ள பனித்துகள்களின் மேற்பரப்பில் நிகழும் வேதிவினைகளே குளோரினை விடுவிக்கின்றன என்னும் கருத்தை முன்வைத்தார். 1986-ஆம் ஆண்டு அண்டார்க்டிகா சென்ற ஓசோன் ஆய்வுக்குழுவிற்கு அவரே தலைமை தாங்கினார். அவருக்கு அப்பொழுது அகவை முப்பது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியம், இளம் ஆய்வாளர்களுக்கென வழங்கும் மேக்கல்வேன் விருதை அவருக்கு அளித்திருந்தது. அவருடைய பெரும்பணிக்கு முன்பே அவரைக் கண்டறிந்த விருது அது.

1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை உருவாயிற்று. மொலினா, ரோலண்டு, பால் குருட்சன் ஆகியோர்க்கு 1995-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. கட்டுரைக்கும் பரிசுக்கும் இடையே 21 ஆண்டுகள்! அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் படலம் 2066-ஆம் ஆண்டளவில் பழைய நிலையை எய்தும் என ஐக்கிய நாடுகள் அவையின் ஆதரவுடன் 2023-இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. நோபல் பரிசு கிட்டிய பின்னரே இவ்விளைஞர்களை நம்புவோம் என உலகம் இருந்திருப்பின் விளைவு என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பொறியியலில் ஒரு சான்று

சுற்றுச்சூழல் பொறியியலில் புகழ் தராத பொருள்களே மிகுதி. குடிநீர்க் குழாய் அரிப்பு அவற்றுள் ஒன்று. இதனை ஆராய்ந்த மார்க் எட்வர்ட்ஸ் என்னும் அமெரிக்கருக்கு, அவர்தம் முப்பதுகளின் தொடக்கத்தில், 1996-இல், அந்நாட்டின் குடியரசுத் தலைவர் பெயரிலான இளம் ஆசிரியர் நல்கை கிடைத்தது. 2014-ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலத்துப் பிளிண்டு நகரம் தன் குடிநீர் ஆதாரத்தை ஆற்றுக்கு மாற்றியபோது, அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருளைச் சேர்க்கத் தவறியது. குழாய்களிலிருந்து ஈயம் நீரில் கலந்தது. நீர் பாதுகாப்பானதே என அலுவலர்கள் கூறிவந்த நிலையில், 2015-இல் எட்வர்ட்ஸும் அவருடைய மாணவர்களும் வீடுதோறும் நீர்மாதிரி பெற்று ஆய்ந்து உண்மையை வெளிப்படுத்தினர். எவரும் விரும்பாத பொருளை ஆராய்ந்த ஓர் இளைஞரைப் போற்றியதன் பயன், பத்தொன்பது ஆண்டுகள் கழித்து ஒரு நகரத்துக் குழந்தைகளுக்குக் கிட்டிற்று.

எவற்றைக் கண்டு போற்றுவது?

வள்ளுவர் 'தெரிந்து வினையாடல்' என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். ஆளின் தகுதியை ஆராய்ந்தே வினையை ஒப்படைத்தல் வேண்டும் என்பது அதன் உட்கிடை. மேற்கண்ட வரலாறுகளிலிருந்து நான்கு தகுதிகளைத் தொகுத்துரைக்கலாம்.

முதலாவது, வினாவைத் தேரும் திறன். எளிதில் கட்டுரையாகும் பொருளை விடுத்து, மக்கள் வாழ்வைத் தொடும் பொருளைத் தேர்பவரே மொலினாவின் வழி நிற்பவர். இரண்டாவது, அளவீட்டில் நேர்மை. எதிர்பாராத எண் கிடைத்தால் அதனை ஒதுக்காது, மீண்டும் அளந்து பார்க்கும் பொறுமை வேண்டும். மூன்றாவது, தற்சார்பு. ஆசிரியர் காட்டிய எல்லைக்கு அப்பால் ஓரடியேனும் தாமே நடந்திருத்தல் வேண்டும். நான்காவது, கண்டதைக் கூறும் துணிவு. சுற்றுச்சூழல் ஆய்வு பல நேரங்களில் தொழில் நலத்தோடும் ஆட்சியோடும் மோத நேர்வது இயல்பு.

வெளியான கட்டுரைகளின் எண்ணிக்கை இந்நான்கையும் காட்டாது. எண்ணிக்கையை மட்டும் நோக்கும் தேர்வுக்குழு, ஓராண்டு முழுதும் ஒரே ஏரியை அளந்த மாணவரைக் காணாது போகும்.

அகவை வரம்பும் எண்ணத்தக்கது. மகப்பேற்றாலும் குடும்பச் சுமையாலும் ஆய்வை இடையில் நிறுத்தி மீண்டும் தொடங்கும் பெண்கள் பலர். பிறந்த ஆண்டை நோக்காது, பட்டம் பெற்ற ஆண்டிலிருந்து கணக்கிட்டு, இடைவெளியையும் கழித்து நோக்குவதே அறமாகும்.

நம் நாடும் நம் கடமையும்

நம் நாட்டில் 1957-இல் நிறுவப்பட்ட சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசு 45 அகவைக்கு உட்பட்டோர்க்கு வழங்கப்பட்டு வந்தது. இந்திய தேசிய அறிவியல் கழகம் இளம் அறிவியலாளர் பதக்கத்தை 1974-இல் தொடங்கியது. 2024-இல் முதன்முறையாக வழங்கப்பட்ட தேசிய அறிவியல் விருதுகளில் இளையோர்க்கெனப் பட்நாகர் பெயரிலேயே ஒரு பிரிவு அமைந்தது. சுற்றுச்சூழல் அறிவியலும் தனித்துறையாக இடம்பெற்றது. இவை மகிழ்தற்குரியன. ஆயினும், தேசிய விருதின் கண்ணுக்குத் தெரியும் முன்பே இளைஞரை முதலில் காண்பது அவர் பயிலும் கல்லூரியே.

நம் சூழலில் வினாக்களுக்குப் பஞ்சமில்லை. பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் தொழிலால் நீரும் நிலமும் கெட்டமை குறித்து, 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் புகழ்பெற்ற தீர்ப்பொன்றை வழங்கியது. மாசுபடுத்தியவரே ஈடு செய்தல் வேண்டும் என்னும் கொள்கையை அத்தீர்ப்பு வலியுறுத்திற்று. தொழிலும் வேண்டும், நீரும் வேண்டும். இரண்டையும் காக்கும் வழியைக் கண்டறிய, அம்மண்ணை அறிந்த இளம் ஆய்வாளர்களைவிடத் தகுதியுடையார் யாவர்?

முதல் மதிப்பெண் பெறுவோர்க்குப் பொற்பதக்கம் வழங்க அறக்கட்டளை நிறுவும் சான்றோர் நம்மிடையே உளர். அவர்கள் அதனோடு, ஊர்க் கிணற்றையும் குளத்தையும் ஆற்றையும் ஆராயும் மாணவருக்கெனச் சிறு நல்கை ஒன்றையும் நிறுவலாம். நீர்மாதிரி எடுக்கச் செல்லும் பேருந்துக் கட்டணமும், வேதிப்பொருள்களின் விலையும், நல்ல ஆய்வகத்தில் சோதிக்கும் கட்டணமும் கிட்டாமையால் நின்றுபோகும் ஆய்வுகள் உண்டு. ஆசிரியப் பெருமக்கள், உழைத்த மாணவரின் பெயரை ஆய்வுக் கட்டுரையில் முதலில் இடலாம். இதற்குச் செலவேதும் இல்லை. மாணவர்களோ, தம் ஊரைப் பற்றிய ஒரு வினாவையேனும் தேர்ந்து, ஓராண்டேனும் அதனை விடாது அளத்தல் வேண்டும். நல்ல விதை நம் நிலத்தில் உண்டு. முளைக்கும் பருவத்தில் நீர் வார்ப்பதே நாம் செய்யத்தக்கது.